ஜிபிஎஸ் லாகர் பதிவுகளை டேட்டாபேஸில் ஏற்றுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

சைக்கிளில் மாட்டிய லாகர் (போகும் இடத்தையும் நேரத்தையும் பதியும் ஜிபிஎஸ் கருவி), போனில் ஓடும் பதிவு ஆப், நண்பர் கொடுத்த பழைய கருவி என்று மூன்று இடங்களில் சேர்ந்த என் பயணத் தடங்களை ஒரே டேட்டாபேஸுக்குள் கொண்டுவந்தேன். பிறகு சில நண்பர்கள் இதையே செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அவர்கள் இடறிய இடங்கள் கிட்டத்தட்ட ஒன்றேதான். கட்டளை தெரியாமல் யாரும் சிக்கவில்லை. செய்யும் வரிசை மாறியதால்தான் சிக்கினார்கள். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள்.

இங்கே போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ், அதன் மேல் இடங்களைக் கையாளும் போஸ்ட்ஜிஐஎஸ் என்ற நீட்சி என்று வைத்துக்கொள்கிறேன். இரண்டும் இலவசம். ஒரு வருடப் பதிவு மட்டும் இருந்தால் எஸ்கியூலைட் என்ற சிறிய டேட்டாபேஸ் போதும், அதிலும் படிகள் இதே வரிசைதான். ஒரு நொடிக்கு ஒரு புள்ளி என்று தினமும் இரண்டு மணி நேரம் பதிந்தால் வருடத்துக்கு 26 லட்சம் புள்ளிகளைத் தாண்டும். நான்கைந்து வருடங்கள் சேர்ந்த பின் இடம் மாறுவதைவிட இப்போதே போஸ்ட்ஜிஐஎஸ்ஸில் தொடங்குவது நல்லது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

போஸ்ட்ஜிஐஎஸ் சேர்த்த ஒரு காலி டேட்டாபேஸ் வேண்டும். ஃபைல்களை ஏற்ற ஜிடேல் தொகுப்பில் வரும் ஓஜிஆர்2ஓஜிஆர், ஒரு வடிவத்தில் இருந்து இன்னொன்றுக்கு மாற்ற ஜிபிஎஸ்பேபல், வரைபடத்தில் பார்க்க கியூஜிஐஎஸ். இவ்வளவுதான் மென்பொருள்.

இவற்றோடு ஒரு தாளும் வேண்டும். எந்தக் கருவி, எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, அப்போது எத்தனை நொடிக்கு ஒருமுறை பதிந்தது, அதன் கடிகாரம் எந்த நேரத்தில் இருந்தது என்று ஞாபகம் உள்ளவரை எழுதுங்கள். ஏழாவது படியில் இந்தத் தாள் இல்லாமல் உட்கார்ந்தவர்கள் ஒரு வாரத்தைத் தொலைத்திருக்கிறார்கள்.

தெரிந்த ஒரு பயணத்தையும் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருந்து ரயில் நிலையம் போன மாதிரி, எப்போது கிளம்பினோம், எவ்வளவு தூரம் என்று சந்தேகமின்றித் தெரிந்த ஒன்று. ஒவ்வொரு படியையும் அதை வைத்துத்தான் சோதிக்கப் போகிறோம்.

2. மூல ஃபைல்களை முதலில் பூட்டி வையுங்கள்

கருவியில் இருந்து வந்த ஃபைல்களை அப்படியே ஒரு ஃபோல்டரில் போட்டு, எழுத முடியாதபடி, படிக்க மட்டும் அனுமதி கொடுங்கள். பெயர்கூட மாற்ற வேண்டாம். கருவிக்கு ஒரு துணை ஃபோல்டர் போதும்.

காரணம் எளிது. பின்னால் நாம் செய்யும் எந்தத் திருத்தமும் தவறாகப் போகலாம். மூலம் கைபடாமல் இருந்தால் டேட்டாபேஸை முழுவதும் அழித்துவிட்டு மறுபடி ஏற்றலாம். நான் இரண்டு முறை அப்படிச் செய்திருக்கிறேன். மூல ஃபைலிலேயே நேரத்தைத் திருத்திய நண்பர் ஒருவரால் அது முடியவில்லை. எந்த ஃபைல் திருத்தியது, எது திருத்தாதது என்று அவருக்கே பிறகு தெரியவில்லை.

பிறகு ஒவ்வொரு ஃபைலுக்கும் எஸ்எச்ஏ-256 கையொப்பம் (ஃபைலின் உள்ளடக்கத்தில் இருந்து கணக்கிடும் அடையாளக் குறி) எடுத்து ஒரு பட்டியலில் வையுங்கள். ஒரே ஃபைல் இரண்டு பெயர்களில் சேமிக்கப்பட்டிருந்தால் கையொப்பம் ஒன்றாக இருக்கும், உடனே தெரிந்துவிடும்.

3. ஃபைலைத் திறந்து கண்ணால் பாருங்கள்

இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். ஒவ்வொரு கருவியில் இருந்தும் ஒரு ஃபைலை சாதாரண எடிட்டரில் திறந்து முதல் ஐம்பது வரி, கடைசி ஐம்பது வரி படியுங்கள்.

ஜிபிஎக்ஸ் (பயணத் தடங்களுக்கான பொதுவான ஃபைல் வடிவம்) என்றால் தடம், அதற்குள் துண்டு, அதற்குள் புள்ளி என்று மூன்று அடுக்கு இருக்கும். ஒவ்வொரு புள்ளியிலும் அட்சரேகை, தீர்க்கரேகை, பெரும்பாலும் உயரம், நேரம். நேரத்தின் கடைசியில் இசட் எழுத்து இருந்தால் அது யூடிசி, அதாவது உலகப் பொது நேரம், இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். புள்ளியில் நேரமே இல்லாத ஜிபிஎக்ஸ் ஃபைல்களும் உண்டு. வழித்திட்டம் போடும் செயலிகளில் இருந்து வந்தவை அவை. நீங்கள் போன பயணம் அல்ல, ஒதுக்கி வையுங்கள்.

என்எம்இஏ (ஜிபிஎஸ் கருவிகள் நேரடியாக எழுதும் வடிவம்) பதிவு என்றால் டாலர் குறியில் தொடங்கும் வரிகளாக இருக்கும். இரண்டு வகை வரிகளைத் தெரிந்துகொண்டால் போதும். ஆர்எம்சி வரியில் தேதி, நேரம், இடம், வேகம் இருக்கும். ஜிஜிஏ வரியில் நேரம், இடம், உயரம், எத்தனை செயற்கைக்கோள் என்பவை இருக்கும், ஆனால் தேதி இருக்காது. ஆகவே இரண்டையும் நேரத்தை வைத்து இணைத்தால்தான் ஒரு முழுப் புள்ளி கிடைக்கும். ஆர்எம்சி வரியில் நிலையைச் சொல்லும் ஓர் எழுத்து உண்டு. அது ஏ என்றால் நம்பலாம், வி என்றால் கருவிக்கு அப்போது இடம் கிடைக்கவில்லை என்று அர்த்தம். வேகம் நாட் கணக்கில் இருக்கும், 1.852-ஆல் பெருக்கினால் மணிக்கு கிலோமீட்டர்.

என்எம்இஏவில் பெரிய குழி ஒன்று இருக்கிறது. இடம் தசம டிகிரியில் எழுதப்படுவதில்லை. டிகிரியும் நிமிடமும் ஒட்டி எழுதப்படும். மதுரையின் அட்சரேகை 9.9252 என்றால் ஃபைலில் 0955.512 என்று இருக்கும், அதாவது 9 டிகிரி, 55.512 நிமிடம். இதை 100-ஆல் வகுத்து 9.55512 என்று எடுத்துக்கொண்டால் மதுரையில் சுற்றிய தடம் 40 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே இறங்கி விருதுநகர் பக்கம் போய்விடும். சாலைகளோடு ஒட்டாது, ஆனால் ஊர் ஏதோ சரியாக இருப்பது போலவே தெரியும். கண்டுபிடிக்க ஒரு வழி: உங்கள் புள்ளிகளில் தசமத்துக்குப் பின் முதல் இரண்டு இலக்கம் 60-ஐ ஒருபோதும் தொடவில்லை என்றால் இந்தத் தவறு நடந்திருக்கிறது.

4. எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்கு மாற்றுங்கள்

ஜிபிஎஸ்பேபல் கொண்டு எல்லா ஃபைல்களையும் ஜிபிஎக்ஸ் ஆக்கி, மூல ஃபோல்டருக்கு வெளியே வேறொரு ஃபோல்டரில் வையுங்கள். மேலே சொன்ன நிமிடக் கணக்கை அதுவே சரியாகச் செய்துவிடும். சொந்தமாக நிரல் எழுதிப் பிரிப்பது கற்றுக்கொள்ள நல்லது, ஆனால் முதல் முறை வேண்டாம்.

மாற்றும்போது புள்ளிகளைக் குறைக்கும் வடிகட்டிகளைப் போடாதீர்கள். குறைக்கும் வேலை டேட்டாபேஸுக்குள் எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். இங்கே போனது திரும்பி வராது.

5. மூன்று டேபிள்களை வரையுங்கள்

ஒரே டேபிளில் எல்லாவற்றையும் கொட்டுவதுதான் புதிதாக வருபவர்களின் வழக்கம். மூன்றாகப் பிரியுங்கள்.

முதலாவது, கருவிகள். கருவி எண், பெயர், அது நேரத்தை யூடிசியில் எழுதுகிறதா, உள்ளூர் நேரத்திலா. இரண்டாவது, ஃபைல்கள். ஃபைல் எண், பெயர், கையொப்பம், கருவி எண், ஏற்றிய தேதி. கையொப்பத்துக்கு ஒரே மதிப்பு இருமுறை வரக் கூடாது என்ற கட்டுப்பாடு போடுங்கள். இனி அதே ஃபைலை மறந்துபோய் மறுபடி ஏற்றினால் டேட்டாபேஸே தடுக்கும். மூன்றாவது, புள்ளிகள். ஃபைல் எண், கருவி எண், தட எண், துண்டு எண், நேரம், இடம், உயரம், தரக்குறி.

ஒவ்வொரு புள்ளியும் எந்த ஃபைலில் இருந்து வந்தது என்று தெரிந்தால் கெட்ட ஃபைல் ஒன்றை மட்டும் ஒரே கட்டளையில் அகற்றிவிட்டு மறுபடி ஏற்றலாம். இந்த ஒரு நெடுவரிசை எனக்கு மிச்சப்படுத்திய நேரம் ஏராளம்.

இடத்துக்கு ஜியாக்ரஃபி வகையைத் தேர்ந்தெடுங்கள், குறியீடு 4326 (ஜிபிஎஸ் பயன்படுத்தும் அட்சரேகை, தீர்க்கரேகை முறையின் எண்). தூரம் நேரடியாக மீட்டரில் கிடைக்கும். ஜியாமெட்ரி வகையில் அதே குறியீட்டோடு வைத்தால் தூரம் டிகிரியில் வரும், 0.01 என்ற விடையைப் பார்த்துக் குழம்புவீர்கள். அட்சரேகை, தீர்க்கரேகையைத் தனி எண்களாகவும் வைக்க விரும்பினால் டபுள் பிரிசிஷன் என்ற எண் வகையை எடுங்கள். துல்லியம் குறைந்த ரியல் வகையில் 78 டிகிரி போன்ற எண்ணுக்கு அருகருகே உள்ள இரண்டு மதிப்புகளின் இடைவெளியே முக்கால் மீட்டரைத் தாண்டும், தடம் படிக்கட்டு போல உடையும்.

6. நேராகப் புள்ளிகள் டேபிளில் போடாதீர்கள்

இடையில் ஒரு தற்காலிக டேபிள் வேண்டும். ஓஜிஆர்2ஓஜிஆர் ஒரு ஃபைலை அதில் இறக்கும். நாம் பார்த்துவிட்டு, ஃபைல் எண்ணைச் சேர்த்துப் புள்ளிகள் டேபிளுக்கு நகர்த்துவோம். பிறகு தற்காலிக டேபிளைக் காலி செய்துவிட்டு அடுத்த ஃபைல்.

ஏன் இந்தச் சுற்று? ஜிபிஎக்ஸ் ஃபைலுக்குள் தட எண் எப்போதும் பூஜ்யத்தில் இருந்து தொடங்கும். நூறு ஃபைல்களை ஒரே டேபிளில் அடுக்கினால் நூறு பயணங்களும் பூஜ்யம் என்ற ஒரே தடமாகிவிடும். பிரிப்பதற்கு வழி இருக்காது.

இன்னொன்று. ஏற்றும்போது தடப்புள்ளி அடுக்கை மட்டும் கேளுங்கள். எதையும் சொல்லாமல் விட்டால் வழிக்குறிகள், வழித்திட்டங்கள், அவற்றின் புள்ளிகள், தடங்கள், தடப்புள்ளிகள் என்று ஐந்து அடுக்குகளும் வந்து இறங்கும். தடங்கள் அடுக்கில் புள்ளியின் நேரம் இருக்காது. அதை ஏற்றிவிட்டு நேரம் எங்கே என்று தேடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நகர்த்தும் வேலையை ஃபைலுக்கு ஒரு டிரான்ஸாக்ஷனாகச் செய்யுங்கள். நடுவில் கரண்ட் போனால் அந்த ஃபைலில் ஒரு புள்ளியும் ஏறியிருக்காது, பாதி வந்து நிற்காது.

7. நேரத்தைச் சரிசெய்யுங்கள்

என் அனுபவத்தில் பாதித் தவறுகள் இங்கேதான். நேர நெடுவரிசை டைம் ஸோன் உள்ள டைம்ஸ்டாம்ப் வகையாகவே இருக்க வேண்டும். அந்த வகை உள்ளே யூடிசியில் வைத்துக்கொண்டு, பார்க்கும்போது நமக்கு வேண்டிய நேரத்தில் காட்டும். டைம் ஸோன் இல்லாத வகையில் வைத்தால் எது யூடிசி, எது இந்திய நேரம் என்று ஆறு மாதம் கழித்து உங்களுக்கே தெரியாது.

ஜிபிஎக்ஸ், என்எம்இஏ இரண்டும் யூடிசி. ஆனால் சில கருவிகள் எக்செல்லில் திறக்கும் சிஎஸ்வி ஃபைல் கொடுக்கும்போது உள்ளூர் நேரத்தை, எந்தக் குறியும் இல்லாமல் எழுதுகின்றன. முதல் படியில் தேர்ந்தெடுத்த தெரிந்த பயணத்தைப் பாருங்கள். காலை 6 மணிக்குக் கிளம்பியது இந்திய நேரத்தில் பார்க்கும்போது 6 என்று வந்தால் சரி. 11:30 என்று வந்தால் உள்ளூர் நேரத்தை யூடிசி என்று நினைத்து ஏற்றிவிட்டீர்கள். 00:30 என்று வந்தால் நீங்களே ஐந்தரை மணி நேரத்தை ஒருமுறை கழித்திருக்கிறீர்கள். கையால் 5:30 கூட்டுவது, கழிப்பது எதுவும் வேண்டாம். ஆசியா/கொல்கத்தா என்று மண்டலத்தின் பெயரைச் சொல்லி டேட்டாபேஸிடம் விட்டுவிடுங்கள்.

நாள் கணக்கிலும் இதே சிக்கல் வரும். காலை 5 மணி நடைப்பயிற்சி யூடிசியில் முந்தின நாள் இரவு 11:30. யூடிசி தேதியை வைத்துத் தினசரித் தூரம் கூட்டினால் ஞாயிறு நடந்தது சனிக்கிழமைக் கணக்கில் போய்ச் சேரும். இந்திய நேரத்துக்கு மாற்றிய பிறகே தேதியைப் பிரித்தெடுங்கள்.

பழைய கருவிகளில் இன்னொரு வியாதி உண்டு. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் வழக்கமான சமிக்ஞையில் வார எண்ணை 10 பிட்டில் அனுப்புகின்றன, 1024 வாரம் ஆனதும் அது பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் அப்படித் திரும்பியது. இதைச் சமாளிக்கத் தெரியாத கருவி 7168 நாள் பின்னால் போய்விடும். 2024 பிப்ரவரி 2 அன்று பதிந்த பயணம் 2004 ஜூன் 18 என்று காட்டும். கிழமையும் நேரமும் சரியாக இருக்கும், தேதி மட்டும் இருபது வருடம் பழையதாக இருக்கும். அந்தக் கருவியின் அந்த ஃபைல்களுக்கு மட்டும் 7168 நாளைக் கூட்டி நகர்த்துங்கள். கூட்டியதை ஃபைல்கள் டேபிளில் ஒரு குறிப்பாக எழுதிவையுங்கள்.

தேதி 1980 ஜனவரி 6 என்று இருக்கும் புள்ளிகளைத் திருத்த முயல வேண்டாம். ஜிபிஎஸ் நேரம் தொடங்கிய நாள் அது. கருவிக்கு இன்னும் நேரமே கிடைக்கவில்லை என்பதைத்தான் அந்தத் தேதி சொல்கிறது.

8. இடத்தைப் புள்ளியாக்குங்கள்

பேச்சில் அட்சரேகை முதலில், தீர்க்கரேகை அடுத்து. போஸ்ட்ஜிஐஎஸ்ஸில் தலைகீழ்: எக்ஸ் முதலில், ஒய் அடுத்து. எக்ஸ் என்பது தீர்க்கரேகை. ஓஜிஆர்2ஓஜிஆர் வழியாக வந்தால் இது தானே சரியாகிவிடும். சிஎஸ்வி ஃபைலில் இருந்து நீங்களே புள்ளி கட்டும்போதுதான் மாறிப்போகும்.

மாற்றிப் போட்டாலும் பிழைச் செய்தி எதுவும் வராது. 78-ஐ அட்சரேகையாக ஏற்பதில் டேட்டாபேஸுக்குத் தடையில்லை. மதுரை ஆர்க்டிக்கில், ஸ்வால்பார்டு தீவுகளுக்கு மேற்கே கடலில் போய் நிற்கும். ஏற்றியவுடன் ஒரு சோதனை எழுதிவையுங்கள்: தமிழ்நாட்டுப் பயணங்களில் அட்சரேகை 8-க்கும் 14-க்கும் நடுவில், தீர்க்கரேகை 76-க்கும் 81-க்கும் நடுவில் இருக்க வேண்டும். வெளியே இருப்பதை எண்ணிப் பாருங்கள்.

9. இரட்டைப் புள்ளிகளைத் தடுங்கள்

சில லாகர்கள் ஒவ்வொரு முறையும் நினைவகம் முழுவதையும் கொடுக்கும். போன வாரம் எடுத்தது இந்த வார ஃபைலிலும் இருக்கும். ஃபைல் கையொப்பம் மாறிவிடுவதால் அந்தத் தடுப்பு இதைப் பிடிக்காது.

கருவி எண், நேரம் இரண்டும் சேர்ந்து ஒருமுறைதான் வரலாம் என்று புள்ளிகள் டேபிளில் கட்டுப்பாடு போடுங்கள். நகர்த்தும் கட்டளையில், ஏற்கெனவே இருந்தால் ஒன்றும் செய்யாதே என்ற ஆன் கான்ஃபிளிக்ட் டூ நத்திங் பகுதியைச் சேருங்கள். அப்புறம் எத்தனை முறை ஏற்றினாலும் கணக்கு மாறாது.

இடத்தை இந்தக் கட்டுப்பாட்டில் சேர்க்காதீர்கள். டீக்கடையில் நிற்கும்போது ஒரே இடம் நூறு முறை வரும், அவை இரட்டை அல்ல. கருவி எண்ணையும் விட்டுவிடக் கூடாது. போனும் லாகரும் ஒரே நொடியில் பதிந்தவை இரண்டு தனிப் பதிவுகள். நொடிக்கு ஐந்து முறை பதியும் கருவி வைத்திருந்தால் நொடியின் பின்னம் ஃபைலில் தங்கியிருக்கிறதா என்று பாருங்கள். தங்கவில்லை என்றால் ஐந்தில் நான்கு புள்ளிகள் சத்தமின்றிப் போய்விடும்.

10. கெட்ட புள்ளிகளை அழிக்காமல் குறியிடுங்கள்

கருவியை இயக்கியவுடன் வரும் முதல் சில புள்ளிகள், பாலத்துக்கு அடியிலும் உயரமான கட்டடங்களுக்கு நடுவிலும் பதிந்த புள்ளிகள், அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டும் பூஜ்யம் என்று விழுந்தவை எல்லாம் கெட்ட புள்ளிகள். தரக்குறி நெடுவரிசையில் காரணத்தை எழுதுங்கள், அழிக்க வேண்டாம். உங்கள் விதி நாளை மாறலாம்.

அடுத்தடுத்த புள்ளிகளின் தூரத்தை நேரத்தால் வகுத்து வேகம் கண்டுபிடிக்கலாம், முந்தின வரியின் மதிப்பை எடுத்துத் தரும் லேக் என்ற விண்டோ ஃபங்ஷன் இதற்குப் போதும். இங்கே எல்லோரும் செய்யும் தவறு, வேகம் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டிய புள்ளியை எல்லாம் குறியிடுவது. ஒரு புள்ளி தூரப் போய் விழுந்தால் போகும்போது ஒரு தாவல், திரும்பும்போது ஒரு தாவல். திரும்பி வந்த நல்ல புள்ளியும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். முன்னால் உள்ள தாவல், பின்னால் உள்ள தாவல் இரண்டுமே வேகமாக இருக்கும் புள்ளியை மட்டும் குறியிடுங்கள். விமானப் பயணம் இருந்தால் அந்த ஃபைலை இந்த விதியில் இருந்து விலக்குங்கள்.

நின்ற இடத்தில் புள்ளிகள் நூல்கண்டு போலச் சுற்றும். பத்து நிமிடம் நின்றாலே சில நூறு மீட்டர் சேர்ந்துவிடும். மெதுவான வேகம் இரண்டு நிமிடத்துக்கு மேல் தொடர்ந்தால் நிறுத்தம் என்று குறியிட்டுத் தூரக் கணக்கில் சேர்க்காமல் விடுகிறேன்.

11. உயரத்தை ஒரே அடித்தளத்துக்குக் கொண்டுவாருங்கள்

கடற்கரையில் நடந்த தடம் கடல் மட்டத்துக்கு 80 மீட்டருக்கும் கீழே காட்டினால் கருவி பழுது என்று நினைக்க வேண்டாம். ஜிபிஎஸ் பூமியை ஒரு கணித நீள்கோளமாக எடுத்துக்கொண்டு அதன் மேல் உயரம் சொல்கிறது. உண்மையான கடல் மட்டம் அதில் இருந்து விலகி இருக்கும், அது உலகிலேயே மிகத் தாழ்ந்து இருப்பது இந்தியா, இலங்கைக்குத் தெற்கே உள்ள கடலில்தான், 100 மீட்டருக்கும் மேல். அதனால் நம் ஊரில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியும்.

என்எம்இஏ ஜிஜிஏ வரி கடல் மட்ட உயரத்தையும் இந்த வித்தியாசத்தையும் தனித்தனியே கொடுக்கிறது. ஆண்ட்ராய்டு போன் வழக்கமாகக் கொடுப்பது நீள்கோள உயரம். எந்த உயரம் என்பதைக் கருவிகள் டேபிளில் குறித்துவிட்டு, ஒப்பிடும் முன் ஒன்றை மாற்றிக்கொள்ளுங்கள். சாலைத் தூரம் மட்டும் வேண்டும் என்றால் இந்தப் படியைத் தள்ளிப்போடலாம்.

12. புள்ளிகளைத் தடமாகக் கோத்துவிடுங்கள்

நேர வரிசையில் புள்ளிகளைக் கோத்து ஒரு கோடாக்க எஸ்டி_மேக்லைன் என்ற போஸ்ட்ஜிஐஎஸ் ஃபங்ஷன் உதவும். வரிசையைச் சொல்லாமல் கோத்தால் கோடு சிலந்தி வலையாகிவிடும், ஆகவே நேரப்படி அடுக்கும்படி அதற்குள்ளேயே எழுத வேண்டும். ஜியாமெட்ரியாக மாற்றிக் கொடுக்கவும் வேண்டும், ஜியாக்ரஃபியை அது நேரடியாக ஏற்காது.

ஃபைல், தடம், துண்டு மூன்றையும் சேர்த்துத் தொகுங்கள். துண்டு மாறுவது சமிக்ஞை போனதையோ கருவியை அணைத்ததையோ குறிக்கிறது. அதை மதிக்காமல் கோத்தால் ஏரிக்கும் வீடுகளுக்கும் மேல் நேர்கோடு ஓடும், நீங்கள் போகாத கிலோமீட்டர்களும் கூடும். துண்டுக்குள்ளேயே ஐந்து நிமிடத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் அங்கேயும் வெட்டிவிடுங்கள்.

இடத்தை வேகமாகத் தேட உதவும் ஜிஸ்ட் இண்டெக்ஸை எல்லா ஃபைல்களும் ஏறிய பிறகு உருவாக்குங்கள். முன்பே இருந்தால் ஒவ்வொரு புள்ளிக்கும் அதைத் திருத்திக்கொண்டே இருக்கும், ஏற்றம் தவழும்.

13. சரிபாருங்கள்

ஃபைலில் எத்தனை புள்ளி, டேபிளில் எத்தனை புள்ளி, வித்தியாசம் எத்தனை, அந்த வித்தியாசம் முழுவதும் இரட்டைகள்தானா? இதை ஃபைல்வாரியாகப் பாருங்கள். மொத்தக் கணக்கு ஒத்துப்போவது போதாது.

பிறகு தெரிந்த பயணத்தை கியூஜிஐஎஸ்ஸில் ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச வரைபடத்தின் மேல் விரித்துப் பாருங்கள். சாலையோடு ஒட்டுகிறதா? சைக்கிள் மீட்டர் சொன்ன தூரத்தோடு ஒப்பிடுங்கள். சில சதவீதம் வேறுபடலாம், இரண்டு மடங்கு என்றால் ஒன்பதாவது படிக்குத் திரும்புங்கள்.

14. பாதுகாப்பு

இந்த டேபிளைப் பார்ப்பவருக்கு உங்கள் வீடு எது, எந்த நேரத்தில் வீட்டில் இருக்க மாட்டீர்கள், பிள்ளையை எங்கே கொண்டுவிடுகிறீர்கள் என்பது தெரியும். டேட்டாபேஸைச் சொந்தக் கணினிக்கு வெளியே திறக்காதீர்கள். போஸ்ட்கிரெஸ் தொடக்கத்தில் அப்படித்தான் இருக்கும், அதை மாற்றாமல் விட்டாலே போதும்.

தடத்தை மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டி வந்தால் வீட்டைச் சுற்றி ஒரு வட்டத்துக்குள் வரும் புள்ளிகளை நீக்கிய ஒரு வியூ (டேபிளைத் தொடாமல் அதில் இருந்து வடிகட்டிக் காட்டும் தோற்றம்) உருவாக்கி அதில் இருந்து கொடுங்கள். வட்டத்தின் மையம் வீடாக இருக்கக் கூடாது. பல தடங்கள் ஒரே வட்டத்தின் ஓரத்தில் அறுபட்டு நின்றால் நடுவில் இருப்பது எது என்று யாரும் கண்டுபிடித்துவிடலாம். மையத்தை ஏதோ ஒரு திசையில் சற்றுத் தள்ளி, வீடு உள்ளே வரும்படி வட்டத்தைப் பெரிதாக்குங்கள்.

மாதம் ஒருமுறை பிஜி_டம்ப் கட்டளையால் டேட்டாபேஸின் நகல் எடுத்து வேறொரு டிஸ்க்கில் வையுங்கள். அதே டிஸ்க்கில் இரண்டாவது படியில் பூட்டிய மூல ஃபோல்டரின் நகலும் இருக்கட்டும். இரண்டில் ஒன்றுக்குத்தான் இடம் என்றால் மூல ஃபோல்டரை வையுங்கள்.